இடது முன்சக்கரத்துக் கீச்சு

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது அம்மாதான். தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தோம். சர்க்கரை நோயால் அம்மாவுக்கு விழித்திரை பாதிக்கப்பட்டு, மாதம் ஒருமுறை சேலத்தில் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்த நாட்கள் அவை. பார்வை மங்க மங்க அவருக்குக் காது கூர்மையாகிவிட்டது. "கண்ணு, சக்கரத்துக்கிட்ட என்னமோ கீச்சுனு கத்துதே, உனக்குக் கேக்கலையா?" என்றார். பாட்டை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். பக்கத்தில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டே இறங்கியது. அதைத் தாண்டியதும் எனக்கும் கேட்டது. சிலேட்டில் பலப்பத்தைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு இழுத்தால் பல் கூசுமே, அந்தச் சத்தம்.

தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சத்தம் போட்டால் எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி என்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வரும் சரக்கு வண்டிகள் அத்தனையும் இந்த இறக்கம் வழியாகத்தான் சேலம் பக்கம் போகின்றன. பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள் மீது லாரி மோதிய செய்தியைப் படித்துப் படித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இரட்டைப் பாலம் பக்கம் போகும்போது லாரிகளின் பிரேக் லைனர் (பிரேக் போடும்போது உரசும் பட்டை) கருகும் வாடை பல நாள் காருக்குள்ளேயே வரும். அந்த இடத்தில், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் வண்டியிலேயே ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது கியருக்கு மாற்றி, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன். பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

மறுநாள் வழக்கமாகப் போகும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். "பேட் தேஞ்சிருக்கும் சார், மாத்திடலாம்" என்றார்கள். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக் போட்டால் அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைதான் பேட். சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பே சொன்ன பதில் அது. மாற்றினார்கள். மூன்று வாரம் அமைதி. அடுத்த சேலம் பயணத்துக்கு முன்பே சத்தம் திரும்ப வந்தது. மீண்டும் போனேன். புதுப் பேடைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, பின்பக்கம் கிரீஸ் தடவி மாட்டிக் கொடுத்தார்கள். பத்து நாள் தாங்கியது. மூன்றாம் முறை போனபோது, "இந்தக் கம்பெனி பேட் அப்படித்தான் கத்தும், வேற போட்டுப் பாக்கலாம்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. காசு போனதைவிட, மூன்று முறையும் யாரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை, எப்போது கத்துகிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இதற்கிடையே டீக்கடையில் ஒருவர் அக்கறையோடு ஒரு யோசனை சொன்னார். டிஸ்க்கில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் போய்விடுமாம். இதைப் படிக்கும் யாரும் தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். சத்தம் போகும், கூடவே பிரேக்கும் போகும். பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் அதைச் சுத்தம் செய்து மீட்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். துரு நீக்கும் ஸ்ப்ரே, தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில் எல்லாவற்றுக்கும் இதேதான். பேடும் டிஸ்க்கும் உரசும் முகத்தில் எண்ணெய்ப் பசை உள்ள எதுவும் படவே கூடாது.

கடைசியில் நண்பர் ஒருவர் பென்னாகரம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். முப்பது வருஷம் லாரிகளுக்கு வேலை பார்த்த கை. அவரை அண்ணன் என்றே சொல்கிறேன். அம்மாவும் அன்று வண்டியில் இருந்தார். அண்ணன் வண்டியைத் தொடவே இல்லை. ஜன்னல் ஓரம் குனிந்து கேட்டார்: "எப்பக் கத்துது தம்பி? கால வச்சாக் கத்துதா, சும்மா ஓடும்போதும் கத்துதா? காலைல மட்டுமா, சூடான பிறகா? திரும்பும்போது மாறுதா?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா பதில் சொல்லிவிட்டார். "அவன் பிரேக்க விட்ட பிறகும் கொஞ்ச நேரம் மெல்லமாக் கத்துதுங்க. அப்புறந்தான் நிக்குது."

அண்ணன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்கம்மா" என்றார். எனக்கு அப்போது அது புரியவில்லை.

அப்புறம் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பக்கத்துத் தெருவுக்கு விடச் சொன்னார். அங்கே ஒரு நீளமான காம்பவுண்ட் சுவர். அதை இடப்பக்கம் ஒட்டியபடி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மெதுவாக ஓட்டிப் பிரேக் போடச் சொன்னார். சுவரில் பட்டுச் சத்தம் திரும்பி வரும்போது எந்தப் பக்கச் சக்கரம் என்பது பளிச்சென்று தெரிகிறது. அடுத்து எதிர்த்திசையில் வந்து, சுவர் வலப்பக்கம் இருக்கும்படி ஓட்டினோம். சத்தம் பாதியாகிவிட்டது. ஆக, இடது முன்சக்கரம். எந்தக் கருவியும் வேண்டாத சோதனை இது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆள் நடமாட்டம் இல்லாத தெருவாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் ஏன் கத்துகிறது என்பதற்குப் பலப்பம்தான் சரியான விளக்கம். பலப்பம் சிலேட்டில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்கிறது. அதே பலப்பத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் சத்தம் நின்றுவிடும். பேடும் டிஸ்க்கும் அப்படித்தான். வார்ப்பிரும்பால் ஆன டிஸ்க் ஒரு மணி மாதிரி ஒலிக்கக்கூடியது. பேட் தன் இடத்தில் சீராகப் படாமல் நடுங்கினால் அந்த நடுக்கம் டிஸ்க்கையும் சேர்த்து அதிர வைக்கும். பிரேக் கீச்சு சுமார் 1,000 முதல் 16,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் வரும். நம் காது மிக நுணுக்கமாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 வரையிலான பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. சின்னச் சத்தம்கூட ஊசி போல் குத்துவது அதனால்தான். இந்தப் பிரச்சினை டிஸ்க் பிரேக்குடன் கூடவே பிறந்தது. இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது, தாமிரப் பேட் இரும்பில் உரசி அலறியதுதான் அவருக்குப் பெரிய தலைவலி. பிறகு ஹெர்பர்ட் ஃப்ரூட் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த உரசு பட்டையைக் கொண்டுவந்து அந்த அலறலை அடக்கினார். கல்நார் நுரையீரலுக்கு எமன் என்பது உலகத்துக்குப் பின்னாலேதான் உறைத்தது.

எல்லாக் கீச்சும் கெட்ட கீச்சு இல்லை. மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் விடியற்காலைப் பனி பலமாக இருக்கும். வெளியே நிறுத்திய வண்டியின் டிஸ்க்கில் ஒரே இரவில் மெல்லிய செந்துரு படிந்துவிடும். காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குக் கரகரவென்று உரசும், துரு தேய்ந்ததும் அமைதியாகிவிடும். அதற்காகப் பட்டறைக்கு ஓட வேண்டியதில்லை. பிரேக்கே தொடாமல் வண்டி ஓடும்போது ஒரு சத்தம் வந்து, திரும்பும்போதோ ரிவர்ஸ் எடுக்கும்போதோ மாறினால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகடுக்கும் நடுவில் கல் மாட்டியிருக்கலாம். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு மண்பாதையில் போய் வந்தபோது எனக்கே இது நடந்திருக்கிறது. ஏதோ பேரிங் போய்விட்டது என்று பயந்தேன். பத்தடி ரிவர்ஸ் எடுத்ததும் பட்டாணி அளவு ஜல்லி ஒன்று டப்பென்று கீழே விழுந்தது.

பேட் தேய்ந்துவிட்டதைச் சொல்லவே வைத்திருக்கும் சத்தமும் உண்டு. பல பேடுகளில் ஓரமாக ஒரு சின்ன எஃகு நாக்கு இருக்கும். புதுப் பேடில் உரசும் பொருளின் கனம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். அது 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தத் தொடங்கும். பெரும்பாலும் ஓடும்போதே கேட்கும், பிரேக்கை அழுத்தினால் மாறும் அல்லது நிற்கும். இந்தச் சத்தத்துக்கு நான் மரியாதை கொடுப்பேன், அந்த வாரமே பேடை மாற்றிவிடுவேன். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் அடுத்து வருவது கீச்சு இல்லை. இரும்பும் இரும்பும் அரைபடும் கரகர சத்தம், காலில் தெரியும் நடுக்கம். அந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் டிஸ்க்கில் பள்ளம் விழும்.

சரி, என் வண்டிக்கு வருவோம். அண்ணன் இன்னொரு சோதனையும் செய்தார். நாலு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோனார், தொடவில்லை. என்னையும் அப்படிச் செய்யச் சொன்னார். வலது முன்சக்கரத்தில் வெதுவெதுப்பு. இடதில் தோசைக்கல் பக்கம் கையை நீட்டியது போல அனல். பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அம்மா காதால் சொன்னதைத்தான் இவர் கையால் காட்டினார்.

சக்கரம் ஆறியதும் கழற்றி, இரண்டு பேடையும் என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டரை மாதம்கூட ஓடாத பேடுகள். வெளிப்பக்கத்துப் பேட் கிட்டத்தட்டப் புதுசு. உள்பக்கத்தது பாதிக்கும் கீழே தேய்ந்திருந்தது, அதுவும் சமமாக இல்லை. கீற்றிய தேங்காய்ப் பத்தை போல ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிவு. முகம் கண்ணாடி போலப் பளபளத்தது. சூடு தாங்காமல் பேடில் இருக்கும் பிசின் இளகி இறுகினால் இப்படி வழவழப்பாகிவிடும், அதுவும் கத்தும். பட்டறையில் உப்புத்தாளில் தேய்த்ததும் சில நாள் சத்தம் நின்றதன் ரகசியம் இதுதான். பளபளப்பைத் தேய்த்து எடுத்தார்கள், பளபளப்பு வந்ததற்கான காரணம் உள்ளேயே இருந்தது.

பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்விக்குக் காலிபர் என்று பெயர். சின்னக் கார்களில் முன்பக்கக் காலிபர் அசையாமல் நிற்பதில்லை. ஆணி போன்ற இரண்டு பின்களின் மேல் இப்படியும் அப்படியும் நகரும்படி மாட்டியிருப்பார்கள். பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருக்கிறது. அது உள்பேடைத் தள்ளும்போது காலிபர் முழுவதும் எதிர்ப்பக்கமாக நகர்ந்து வெளிப்பேடையும் டிஸ்க்கில் அழுத்த வேண்டும். காலை எடுத்ததும் இரண்டும் மயிரிழை தளர வேண்டும். இந்த நகர்வு முழுக்க அந்தப் பின்களை நம்பித்தான். மேல் பின்னை அண்ணன் விரலாலேயே இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்ப் பின் வரவில்லை. துரு இளக்கும் எண்ணெயை விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து, ஸ்பேனரால் அரைச் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி என்று திருப்பித் திருப்பி, பல் பிடுங்குவது போல வெளியே எடுத்தார். பென்சில் கனம் உள்ள பின். நடுவில் வளையம் போட்டது போல் பழுப்புத் துரு. கிரீஸ் இருந்த இடத்தில் காய்ந்த கருப்புப் பிசுக்கு. பின்னை மூடியிருந்த ரப்பர் உறையை விரலால் பிதுக்கிக் காட்டினார். மடிப்புக்குள் ஒரு நெல் நீளத்துக்குக் கிழிசல். அவ்வளவுதான். அதன் வழியாக மழைத் தண்ணீரும் தூசியும் போய்ப் பின் இறுகி, காலிபர் கோணலாக நகர்ந்து, பேட் ஆப்பு மாதிரி தேய்ந்து, சூடேறி, கத்தியிருக்கிறது.

புதுப் பின்களும் ரப்பர் உறைகளும் அடங்கிய கிட் கடையில் 400 ரூபாய்க்குள் கிடைத்தது. அதற்கு முன் பேடுக்கும் கூலிக்கும் நான் கொடுத்தது அதைப்போல் பல மடங்கு. பின் போகும் துளையைச் சுத்தம் செய்து, சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவிப் புதுப் பின்னை மாட்டினார். சாதாரண மஞ்சள் கிரீஸை இங்கே போடவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். பெட்ரோலியத்தில் செய்த கிரீஸ் பட்டால் ரப்பர் உறை ஊதிப் பெருத்துப் பின்னைப் பிடித்துக்கொள்ளும், பழைய கதை திரும்பவும் தொடங்கும்.

அதற்குப் பிறகு பேட் வேலையை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டேன். கை வசப்படும் வேலைதான், ஆனால் அவசரம் கூடாது. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டு, அப்புறம்தான் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. காலிபரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் மேலே தூக்கிவிடலாம். பிரேக் ஹோஸ் இழுபடும்படி தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ளும்போது பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். பேட் உட்காரும் கிளிப்புகளைக் கம்பி பிரஷ்ஷால் துருவில்லாமல் தேய்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாதிக் கீச்சு அந்த இடத்தில்தான் பிறக்கிறது. பேடின் காது (இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) கிளிப்பில் படும் இடத்திலும், முதுகுத் தகட்டிலும் பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் நகத்தில் எடுக்கும் அளவு போதும். முதுகில் ஒட்டும் மெல்லிய ஷிம் தகடு இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், நடுக்கத்தை வாங்கிக்கொள்ளவே அது இருக்கிறது.

தூசியை வாயால் ஊதுவதும், காற்றுக்குழாயால் அடிப்பதும் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் சாதாரணம். பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. பழைய பேடிலும், டிரம் பிரேக்கில் பேடின் வேலையைச் செய்யும் ஷூ என்ற வளைந்த கட்டையிலும் கல்நார் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கல்நார் இல்லாவிட்டாலும் அந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதில்லை. பிரேக் கிளீனர் அடித்தோ, தண்ணீரில் நனைத்த துணியாலோ துடையுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பட்டறையில் நிற்கும் சின்னப் பையனுக்கும் ஒன்று கொடுங்கள்.

வேலை முடிந்து வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலைப் பல முறை அழுத்தி, அது கெட்டியாகிறதா என்று பார்க்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் இரண்டு மிதி வெறும் மிதியாகப் போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் சுவரில்தான் நிற்கும். அப்புறம் பேடைப் பழக்க வேண்டும். அதிகாலையில் அதியமான்கோட்டைப் பக்கம் சாலை காலியாக இருக்கும்போது, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்கு மிதமாகக் குறைப்பேன், மீண்டும் வேகம் எடுப்பேன், இப்படி எட்டுப் பத்து முறை. சூடாக இருக்கும்போது முழுக்க நிறுத்தி மிதித்துக்கொண்டே நிற்கக் கூடாது. பேடின் பொருள் டிஸ்க் முழுக்க ஒரே சீராகப் படிந்துவிட்டால் புதுப் பேடின் கீச்சு பெரும்பாலும் அடங்கிவிடும்.

பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதிலாக, ஷூ உள்ளிருந்து விரிந்து அழுத்தும் டிரம் இருந்தால் கதை கொஞ்சம் வேறு. உள்ளே தூசி சேர்ந்தாலும், ஷூ உட்காரும் தகட்டில் பசை காய்ந்தாலும் சத்தம் வரும். திறந்து சுத்தம் செய்தால் போதும் என்பதே பெரும்பாலும் நடப்பது. அதில் ஸ்பிரிங்குகள் அதிகம், எனக்கு அந்த வேலை இன்னும் கைவரவில்லை. அண்ணனிடமே விட்டுவிடுகிறேன்.

சத்தத்தோடு நேரடிச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதையும் சொல்லாமல் விட முடியாது. பிடித்துக்கொண்ட பேடோடு அந்த இறக்கத்தில் இரண்டரை மாதம் இறங்கியிருக்கிறேன். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போயிருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தால் அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. நல்ல பேட் இருந்தும் நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். என் வண்டியில் அது ஐந்து வருஷமாக மாற்றப்படாமல் கிடந்தது. அண்ணன் எடுத்துக் காட்டியபோது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. எந்தப் பட்டறையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"எந்த கியர்ல மேட்ட ஏறுவோமோ அதே கியர்ல இறங்கணும் தம்பி. லாரிக்காரன் பாடம் இது, காருக்கும் அதேதான்" என்றார் அண்ணன், வண்டியைக் கொடுக்கும்போது. நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிப்பவர்களை நினைத்தோ என்னவோ, அதைச் சொல்லும்போது அவர் முகம் இறுகியிருந்தது.

அடுத்த மாத ஊசிக்குக் கிளம்பினோம். பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும், நான் கை வைப்பதற்கு முன்பே, "பாட்ட நிறுத்து கண்ணு" என்றார் அம்மா. தன் பக்கத்துக் கண்ணாடியை அவரே தடவித் தேடி இறக்கிக்கொண்டார். இரண்டாவது கியர். பக்கத்தில் லாரிகளின் முனகல், லைனர் வாடை, காற்று. இரட்டைப் பாலம் தாண்டி இறக்கம் முடியும்வரை இருவரும் பேசவில்லை. கீழே சமதரை வந்ததும் அம்மா கண்ணாடியை ஏற்றினார்.

"ஒண்ணும் கத்தலப்பா" என்றார்.